எங்கே வாங்கினீங்க?

நம் ஊரில் ஒரு அழகான பொருளைப் பார்த்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி, 'எங்கே வாங்கினீங்க?' இரண்டாவது கேள்வி, 'எவ்வளவு?' 'எப்படிப் பண்ணீங்க?' என்பது மூன்றாவதாகக்கூட வருவதில்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கையால் செய்திருக்கலாம் என்ற சந்தேகமே நமக்கு எழுவதில்லை. தப்பித்தவறி 'நானே செய்தது' என்று சொல்லிவிட்டால், பாராட்டுக்குப் பதில் பரிதாபம்தான் கிடைக்கும்: 'உங்களுக்கு நிறைய டைம் இருக்கு சார்!'

இந்த வாரம் என் கோபமெல்லாம் அந்த 'டைம் இருக்கு சார்' மேல்தான்.

விஷயம், ஸ்கேல் மாடல் கார். பழைய காலத்துக் கார் ஒன்றை, அளவு பிசகாமல் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, நம் இஷ்டப்படி மாற்றியும் செய்வது. இதைச் செய்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கோவையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, தப்புத்தண்டா செய்கிறவர்கள் மாதிரி ஒளிந்து செய்கிறார்கள். ஏனென்றால் நாற்பது, ஐம்பது வயதில் 'பொம்மை செய்கிறான்' என்ற பேர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. ராத்திரி அதே நேரத்தில் மூணு மணி நேரம் சீரியலோ கிரிக்கெட்டோ பார்த்தால் அவர் நார்மல். கேஸ் இல்லை!

பொம்மைக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு எண். 1:24 என்றால் நிஜக் காரின் ஒரு அடி, மாடலில் அரை அங்குலம். அமெரிக்க கிட்கள் பெரும்பாலும் 1:25. இங்கிலாந்தில் 1:32 பிரசித்தம். அலமாரியில் வைக்கிற சின்ன உலோக மாடல்களுக்கு 1:43. அது பொம்மை ரயிலின் அளவிலிருந்து வந்தது. பொம்மைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கார் மாதிரி இருந்தால் போதும். மாடலில், நிஜக் காரின் சொந்தக்காரர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, 'பின்பக்க விளக்கு கொஞ்சம் தள்ளி இருக்கணுமே' என்று சொல்லிவிடக் கூடாது. 1:32-ல் அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் நிஜக் காரில் 16 மில்லிமீட்டர் பிசகு. பெயின்ட் ஒரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனாக விழுந்தால், நிஜக் காரில் மூணு மில்லிமீட்டருக்கு மேல் பெயின்ட் அப்பியது மாதிரி. கதவு இடுக்கெல்லாம் மூடிப்போகும்.

பொம்மை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நீளம் 32-ல் ஒரு பங்காகக் குறைந்தால் பரப்பு 1,024-ல் ஒரு பங்காகும். கன அளவு 32,768-ல் ஒரு பங்கு. சுமார் 800 கிலோ எடையுள்ள ஒரு கார் அதே பொருட்களோடு அப்படியே சுருங்கினால் எடை 24 கிராம்தான். எறும்பு ஏன் தன்னைவிடப் பெரிய பருக்கையைத் தூக்குகிறது, யானை ஏன் தாண்டிக் குதிப்பதில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. டியூஷனில் மூணு மாசம் சொல்லிக்கொடுத்தும் ஏறாதது, ஒரு மாடல் செய்தால் ஒரு சாயங்காலத்தில் ஏறிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கார் எடுத்துக்கொள்வோம். வெளியூர்க் கார் வேண்டாம், நம்ம ஊர்க் கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து தயாரித்த கார் இது. மூலம், இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்க பானெட், மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிக்கென்றே பண்ணின மாதிரி.

இந்தக் காரின் உடம்பு ஒரே துண்டாக வார்த்தது கிடையாது. தனிச் சட்டத்தின் மேல் தனித்தனித் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கியது. காரணம், ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்குக் காரின் மேல்கூட்டைச் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. பெரிய கூட்டை ஒரே துண்டாக அழுத்தித் தர ஆள் இல்லை. அதனால் பிரித்துப் பிரித்துச் செய்து, பூட்டும்படி வடிவமைத்தார்கள். இடைஞ்சலில் பிறந்த யோசனை. ஆனால் அதனாலேயே, பகுதி பகுதியாக வெளிநாடுகளுக்கு அனுப்பி அங்கேயே பூட்டிக்கொள்வது சுலபமாயிற்று. யோசித்துப் பாருங்கள்: ஹெரால்டே ஒரு பெரிய கிட்தான்!

கதை இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுக் கார். நம் ஊரில் அது சரிப்படவில்லை. பாட்டி எப்படிப் பின்சீட்டுக்குப் போவாள்? முன்சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டிக்கொண்டு, குனிந்து... நடக்கிற காரியமா? 1960-களின் கடைசியில் மதராஸ் தொழிற்சாலை, மார்க் 3 என்று நாலு கதவு ஹெரால்டு ஒன்றைக் கொண்டுவந்தது. பிரிட்டனே செய்யாத ஹெரால்டு. இத்தாலிக்காரர் வரைந்து, இங்கிலாந்துக்காரர் செய்த காரை, நம் பாட்டிக்காக வெட்டி மாற்றியவர்கள் நம் ஊர்க்காரர்கள். இதற்குப் பேர்தான் கஸ்டமைசேஷன். கலிபோர்னியாவிலிருந்து யாரும் வந்து நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு அந்த நாலு கதவு ஹெரால்டை எத்தனை பேருக்கு ஞாபகமிருக்கிறது? 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சென்னையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். டெட்ராய்ட் தன் பழைய கார்களை மியூசியத்தில் வைத்திருக்கிறது. நம் டெட்ராய்ட் தன்னுடையதைப் புதுப்பேட்டையில் பிரித்து எடைக்குப் போட்டது. இந்த நிலைமையில், ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து அந்தக் காரை 12 சென்டிமீட்டர் நீளத்தில் மறுபடி செய்கிறார் என்றால், அவர் செய்வது சரித்திர வேலை. நாம் செய்யத் தவறியதை அவர் செய்கிறார். அவரைப் பார்த்தா 'டைம் இருக்கு'?

சரி, எப்படிச் செய்கிறார்? சொல்கிறேன். சொன்னால்தான் இது எத்தனை வேலை என்று புரியும்.

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1:32 அளவில் ட்ரையம்ஃப் ஹெரால்டு கிட் போட்டிருக்கிறது. கிட் என்றால், பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கில் வார்த்த உதிரிபாகங்கள், ஒரு சட்டத்தில் இலையும் கிளையுமாக ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் அது இரண்டு கதவுக் கார். நமக்கு வேண்டியது மதராஸ் கார். ஆக, பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பெட்டியில் இருக்கிற படத்தை மறந்துவிட வேண்டும்.

முதலில் பாகங்களைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்குத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பிறகு, நாலு கதவுக் காரின் அளவுகள் வேண்டும். அதற்குப் புத்தகம் கிடையாது. உயிரோடு இருக்கிற ஹெரால்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, டேப்பை எடுத்துக்கொண்டு போய், அவருடைய காபியைக் குடித்து, கதவின் அகலம், தூணின் தடிமன், கைப்பிடியின் உயரம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் 32-ஆல் வகுக்க வேண்டும்.

அடுத்தது, பழைய கதவுக் கோட்டை அழிப்பது. இது டிங்கரிங் கடையில் நடப்பதேதான். பட்டி போட்டு, காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். 400, 600 என்று போகப் போக மழமழவென்று ஆகும். பிறகு நடுத்தூணை வெட்டி எடுத்து, முன்னால் தள்ளி, பிளாஸ்டிக் பட்டையால் புதுசாக வைத்து, இரண்டு கதவுகளுக்கான கோடுகளைக் கத்தியின் முதுகால் கீற வேண்டும். ஒரே அழுத்தலில் கீறினால் கத்தி வழுக்கி, கதவு கோணிக்கொள்ளும். இருபது தடவை, தடவுகிற மாதிரி இழுத்தால்தான் கோடு கோடாக இருக்கும். இரண்டு கைப்பிடிகள் நாலாக வேண்டும். குண்டூசியைச் சூடுகாட்டி வளைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு பெயின்ட். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்பது. சாம்பல் நிற ப்ரைமரை அடித்தவுடன், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறலெல்லாம் பல்லைக் காட்டும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. கலர் அடிக்கும்போது ஒரேயடியாக அடித்தால் ஒழுகும். பனி படிவது மாதிரி மெல்லிசாக ஒன்று, காய்ந்த பிறகு இன்னொன்று. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் கீழே இருக்கிற பெயின்ட் சுருங்கி, வெந்த பால் ஏடு மாதிரி ஆகிவிடும். ஐப்பசி மழையில் சென்னையில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துப்போகும். எந்த மாசம், எந்த வேளையில் அடிப்பது என்று பஞ்சாங்கம் பார்க்காத குறைதான். கலரிலும் சூட்சுமம் உண்டு. நிஜக் காரின் பெயின்டை அதே டப்பாவிலிருந்து எடுத்து அடித்தால் மாடல் நிஜமாகத் தெரியாது, அடர்த்தியாகத் தெரியும். ஒரு சொட்டு வெள்ளை கலக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிற கார் கொஞ்சம் வெளிறித்தானே தெரிகிறது? மெட்டாலிக் பெயின்டில் இருக்கிற மினுமினுப்புத் துகள் நிஜக் காரில் தூள். மாடலில் அது சரளைக்கல்.

இவ்வளவையும் செய்கிறவர் பௌதிகம், ரசாயனம், சரித்திரம், கணக்கு, பொறுமை ஆகிய ஐந்து பாடங்களில் பாஸ் ஆகிவிட்டார். நாம் அவருக்குக் கொடுக்கிற சர்டிபிகேட், 'வேலையத்த வேலை'.

இதை எதிர்ப்பவர்களில் இரண்டாவது கட்சி ஒன்று உண்டு. 'வேலையத்த வேலை' என்கிறவர்களைவிட இவர்கள் ஆபத்தானவர்கள், ஏனென்றால் இவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 'ஒரிஜினல்' கட்சி. கார் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த கலரில்தான் இருக்க வேண்டும். வெட்டுவது பாவம், மாற்றுவது மகாபாவம். மாடலைப் பார்த்த உடனே, 'இந்த வருஷ மாடல்ல இந்தக் கலர் கிடையாதே' என்று மூக்கை உள்ளே விடுவார்கள்.

இவர்களுக்கு ஒரு விஷயத்தில் நான் கட்சி மாறத் தயார். நிஜமான, மிச்சமிருக்கிற நாலு கதவு ஹெரால்டு ஒன்றைக் கொண்டுபோய், கூரையை வெட்டி, ஊதா பெயின்ட் அடித்து, கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவரை ஜெயிலில் போடலாம். கை தட்டுவேன். ஆனால் பிளாஸ்டிக்கை வெட்டினால் யாருக்கு நஷ்டம்? நிஜக் காரில் செய்யக் கூடாததையெல்லாம் செய்துபார்ப்பதற்குத்தானே மாடல்? அந்தத் தொழிற்சாலை ஹெரால்டை இன்னும் வேறு மாதிரி மாற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர் செய்து காட்டினால், அது மரியாதைக் குறைவு ஆகாது. 'ஒரிஜினல்' வாதத்தை 1960-களில் யாராவது அந்தத் தொழிற்சாலையில் பேசியிருந்தால், மார்க் 3 வந்தே இருக்காது. பாட்டி இன்னும் முன்சீட்டை மடக்கிக்கொண்டிருப்பாள்.

அமெரிக்கர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். ஏ.எம்.டி. என்ற மாடல் கம்பெனி 1958-ல் 'ஒரே கிட்டில் மூன்று கார்' என்று கொண்டுவந்தது. ஒரே பெட்டிக்குள் மூன்றுவிதமான பாகங்கள். அச்சு அசலாகவும் செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம், கஸ்டமாகவும் செய்யலாம். முடிவு, வாங்குகிற பையன் கையில். பத்து வயதுப் பையனிடம் 'நீ என்ன நினைக்கிறே?' என்று கேட்ட பொருள் அது. நம் ஊரில் பத்து வயதுப் பையனிடம் நாம் அப்படிக் கேட்டது கடைசியாக எப்போது?

அந்த ஊர் 'கஸ்டம்' கார்களில் ஒன்று, 1951 மெர்குரி. ஹிரோஹாட்டா மெர்க் என்று பெயர். கலிபோர்னியாவில் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் கூரைத் தூண்களை வெட்டிக் கூரையைத் தாழ்த்தி, இளம்பச்சை, கரும்பச்சை அடித்து, 1950-களின் தொடக்கத்தில் செய்தார்கள். 1959-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அதை 500 டாலருக்கு வாங்கினான். அப்போது அது யாரோ வெட்டிக் கெடுத்த பழைய கார். 2022-ல் ஏலத்தில் ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்குப் போனது. வெட்டாத அதே வருஷத்து மெர்குரிக்கு அந்த விலையைக் கனவில்கூடக் கேட்க முடியாது. 'ஒரிஜினல்' என்பது எது? முதலில் செய்தவனுடையதா, யோசித்துச் செய்தவனுடையதா?

மூன்றாவது கட்சி, வாங்கிச் சேர்ப்பவர்கள். குட்டி உலோகக் கார்களைக் கடை திறக்கிறதுக்கு முன்னால் போய் நின்று வாங்கி, அட்டையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டுகிறவர்கள். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். ஓடுவதற்காகச் சக்கரம் வைத்த பொருளை ஓடவே விடாமல் வைத்திருப்பதில் என்ன சந்தோஷமோ! அவர்கள் காசு, அவர்கள் சுவர். எனக்கு வழக்கில்லை. ஆனால் அதையும் இதையும் ஒரே 'ஹாபி' என்று ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒன்று பீரோ, மற்றது பட்டறை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-ல் ஒரு போட்டி ஆரம்பித்தது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு என்று பெயர். முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியை நுணுக்கமாகச் செய்ய வேண்டும். 1937-லிருந்து, பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரை 1:12 அளவில் செய்து அனுப்பலாம் என்றார்கள். ரெடிமேட் கிட் கிடையாது. மரக்கட்டையைச் செதுக்கு, களிமண்ணில் பிடி, பிளாஸ்டரில் வார், என்னமோ செய். ஆனால் நீயே செய். பரிசு என்ன தெரியுமா? காலேஜில் படிக்க ஸ்காலர்ஷிப். 1968 வரை நடந்தது. 1947-ல் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற மாணவர் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1986-லிருந்து 1992 வரை அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் துறைக்கே தலைவர், துணைத் தலைவர் பதவியில். மரக்கட்டையில் பொம்மை செதுக்கிய பையன்தான்.

அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. பையன்களுக்கு மட்டும்தான் அனுமதி. பாதி நாட்டின் கைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நாம் ஆரம்பித்தால் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

நாம் எங்கே ஆரம்பிக்கப் போகிறோம் என்கிறீர்களா? நம் ஊரில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மாடல்கள் வருஷா வருஷம் செய்யப்படுகின்றன, சார். ஸ்கூல் புராஜெக்ட்! ஆனால் செய்வது யார்? ஸ்கூல் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் எரிமலை, சூரிய குடும்பம், மழைநீர் சேகரிப்பு, எல்லாம் தெர்மாகோலில் ரெடியாகத் தொங்குகிறது. பேரம் பேசி, மஞ்சள் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வரலாம். கொஞ்சம் வசதியானவர்கள் ஆர்டர் கொடுத்துச் செய்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நேர்மையானவர்கள் வீட்டில், அப்பா செய்வார், அம்மா கலர் அடிப்பார், குழந்தை தூங்கும். மறுநாள் மிஸ் 'வெரி குட்' போடுவார். யாருக்கு? மிஸ்ஸுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். ஏழு வயதிலேயே குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம்: செய்ய வேண்டியதில்லை; செய்ததாகக் காட்டினால் போதும். பின்னால் பாலம் விழுகிறது, புது ரோடு முதல் மழையில் கரைகிறது என்று அலறுகிறோம். அந்தப் பாலத்துக்கு அஸ்திவாரம் அந்தத் தெர்மாகோலில் போட்டது.

கோவையின் ஜி.டி.நாயுடுவை நாம் கொண்டாடுகிறோம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டியே இயந்திரம் கற்றவர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். வீட்டில் நம் பையன் மிக்ஸியைப் பிரித்தால் முதுகில் ரெண்டு போடுகிறோம். நாயுடு நம் வீட்டில் பிறந்திருந்தால் கோச்சிங் கிளாஸில்தான் இருந்திருப்பார்.

கையால் செய்வது என்றால் நமக்கு ஏன் இத்தனை இளக்காரம்? இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு, அதையும் பேசிவிட வேண்டும். கைவேலையை நாம் சாதியில் கட்டிப்போட்டோம். மரம் ஒருத்தர், இரும்பு ஒருத்தர், மண் ஒருத்தர், தோல் ஒருத்தர். மேலே இருக்கிறவர் எதையும் தொட மாட்டார். 1953-ல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, 'குலக்கல்வி' என்று தமிழ்நாடு கொதித்ததும், 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதும் நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். செருப்புத் தைப்பவரின் பிள்ளை செருப்புத் தைக்கவே பிறந்தவன் என்பதை எதிர்த்த போராட்டம் அது.

ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவு தப்பு. 'யாருடைய பிள்ளையும் பிறப்பினால் கைவேலைக்கு ஒதுக்கப்படக் கூடாது' என்பது போராட்டம். அதை 'யாருடைய பிள்ளையும் கையால் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று மாற்றிக்கொண்டுவிட்டோம். உண்மையான பதில், எல்லாருடைய பிள்ளைகளும் செய்வதுதான். கலெக்டர் பிள்ளையும் பட்டி தேய்க்கட்டும், டிங்கர் பிள்ளையும் டிராயிங் போடட்டும். உப்புத்தாளைப் பிடித்து ஒரு வாரம் தேய்த்துப் பார்த்த டாக்டர், தன் காரை டிங்கரிங்குக்கு விடும்போது அந்தப் பெயின்டரை 'ஏம்பா' என்று கூப்பிட மாட்டார். அந்த வேலையில் எவ்வளவு மூளை இருக்கிறது என்று அவர் விரல் நுனிக்குத் தெரிந்திருக்கும். சமத்துவத்துக்கு ஒரு வழி மேடைப் பேச்சு. இன்னொரு வழி 600 நம்பர் வாட்டர் பேப்பர்.

இனி ஆட்சேபணைகள்.

'இறக்குமதி கிட் வாங்க எல்லாராலும் முடியுமா?' முடியாது. வேண்டியதும் இல்லை. கில்டு பையன்கள் கிட் வாங்கினார்களா? அட்டை இருக்கிறது. போர்டு எழுதுகிற கடைகளில் சன்போர்டு துண்டு மிச்சம் விழுகிறது. பெயின்ட் கடையில் என்.சி. பட்டியும் தின்னரும் கிடைக்கின்றன. தின்னர் வாசனை கெடுதல் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தில் மாஸ்க் போட்டு, கத்தி வேலைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில்தான். கையைப் பிடிக்கக் கூடாது.

'இந்தக் காலத்தில் 3டி பிரின்டர் இருக்கிறதே, எதற்குத் தேய்க்க வேண்டும்?' நல்ல கேள்வி. காரை நீயே அளந்து, கம்ப்யூட்டரில் நீயே வரைந்து, பிரின்ட் எடுத்தால் அதுவும் செய்வதுதான். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யாரோ வரைந்ததை டவுன்லோடு பண்ணி பட்டனைத் தட்டினால், அதற்கும் மஞ்சள் பைத் தெர்மாகோலுக்கும் வித்தியாசமில்லை. கரன்ட் பில்தான் கூட. தவிர, பிரின்டரில் வருவதும் வரிவரியாகத்தான் வரும். பட்டி பார்த்துத் தேய்த்தால்தான் கார். அந்த வேலையிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது.

'மார்க்குக்கு உதவுமா?' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். கேட்டவர்களின் பிள்ளைகளுக்காக வருத்தப்படுகிறேன்.

ஆக, என் யோசனை இது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்து சம்பாதிக்கிற கம்பெனிகள், மாரத்தான் ஓட்டத்துக்குப் பனியன் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு மாடல் கார் போட்டி வைக்கலாம். பள்ளிக் கல்வித் துறை இடம் கொடுக்கலாம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, பெண், ஆண், எல்லோரும். ஒரு பிரிவு, தமிழ்நாட்டில் செய்த பழைய கார்களில் ஒன்றை அளவு பிசகாமல் செய்வது. இன்னொரு பிரிவு, அதை உன் ஊருக்கு, உன் பாட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்வது. பரிசு, கேடயமும் சால்வையும் வேண்டாம், காலேஜ் ஃபீஸ்.

விதிகள் மூன்று போதும். ஒன்று, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், பட்டி தெரிகிற நிலையில் ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும். அதில் பொய் சொல்ல முடியாது. இரண்டு, நடுவராக உட்காருபவர்களில் பாதிப் பேர் டிங்கரிங், பெயின்டிங் வேலை செய்கிற மேஸ்திரிகளாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மாலை மரியாதை உண்டு. மூன்று, நடுவர் பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'இதில் எந்த இடம் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அதை எப்படிச் சரிசெய்தாய்?'

பின்னாலிருந்து அப்பா எழுந்து பதில் சொன்னால், அங்கேயே டிஸ்குவாலிஃபை.